பக்கத்து சீட்டு போன்

"ஆமா… ஆமாத்தா… ரெட்டியார்சத்திரம் தாண்டிட்டேன்… யாரு, பெரியவனா?… அவன் எதுக்கு அங்கிட்டுப் போனான்?… எம்புட்டு?… அய்யய்யோ… அவ வீட்டுக்காரருக்குத் தெரியாமயா?…"

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா பேசியது இது. பெரியவன் எங்கே போனான், எவ்வளவு பணம், யாருக்குத் தெரியாமல் என்ன நடந்தது என்று இதைப் படிக்கிறவருக்கே கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த அம்மாவும் அவர் குடும்பமும் எனக்கு யாரென்றே தெரியாது. ஆனாலும் கையில் இருந்த புத்தகத்தில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப மேய்ந்துகொண்டிருந்தேன். ஒரு சொல்கூட மனதில் ஏறவில்லை.

அந்தப் பேருந்தில் அவர் குரலைவிடப் பெரிய சத்தங்கள் ஏராளம். இன்ஜின் இரைந்தது, ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன, எதிரே வந்த லாரி ஏர்ஹாரன் அடித்துவிட்டுப் போனது, கண்டக்டர் விசில் ஊதினார், டிரைவர் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டு ஓடியது. டெசிபெல் மீட்டர் வைத்து அளந்திருந்தால் இவை எல்லாம் முன்னால் நின்றிருக்கும், அந்த அம்மாவின் குரல் கடைசியில்தான் வந்திருக்கும். ஆனால் என்னைப் படிக்கவிடாமல் செய்தது அந்தக் குரல் மட்டும்தான். எரிச்சல் சத்தத்தின் அளவைப் பொறுத்தது இல்லை என்றால் வேறு எதைப் பொறுத்தது?

பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ மாங்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2004-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். பேருந்து நிலையத்தில் காத்திருந்தவர்கள், ரயிலில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஆகியோரின் பக்கத்தில் நடிகர்களை உட்காரவைத்து ஒரே உரையாடலை இரண்டு விதமாகப் பேச வைத்தார்கள். ஒரு முறை இருவர் நேருக்கு நேர் பேசினார்கள். இன்னொரு முறை ஒருவர் மட்டும் செல்போனில் பேசினார். குரலின் அளவு இரண்டு முறையும் ஒன்றுதான். பேச்சு முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடம் போய்க் கேட்டபோது, செல்போன் பேச்சுதான் அதிகம் தொந்தரவாக இருந்தது என்றார்கள். இருவர் பேசினால் காதில் விழும் சொற்கள் இரண்டு மடங்கு. ஆனால் எரிச்சல் அதில் குறைவு.

இதற்கான காரணத்தை இன்னும் நெருங்கிப் பார்த்தவர் லாரன் எம்பர்சன். கனடாவின் வான்கூவர் நகரில் மாணவியாக இருந்தபோது அவர் தினமும் பேருந்தில் பல்கலைக்கழகம் போய்வந்தார். பக்கத்தில் யாராவது போன் பேசினால் தன்னால் எதையும் படிக்க முடிவதில்லை என்பதைக் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது அதையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார். கணினித் திரையில் நகரும் ஒரு புள்ளியை மவுஸால் விடாமல் பின்தொடர வேண்டும். அந்த நேரத்தில் சில முறை இருவர் பேசும் முழு உரையாடலும், சில முறை ஒருவர் தொடர்ந்து பேசும் பேச்சும், சில முறை போன் உரையாடலின் ஒரு பக்கம் மட்டும் காதில் விழும். 2010-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. பாதிப் பேச்சு கேட்டபோதுதான் புள்ளியை அதிகம் தவறவிட்டார்கள். முழுப் பேச்சு கேட்டபோது அமைதியில் செய்ததைப் போலவே வேலையைச் செய்தார்கள். அதே பாதிப் பேச்சை, ஒலி இருக்க அர்த்தம் மட்டும் புரியாதபடி மாற்றிக் கேட்கவைத்தபோது தொந்தரவும் போய்விட்டது. ஆக, கவனத்தைப் பறித்தது ஒலி இல்லை. அதில் இருந்த செய்தியும் அதன் இடையில் விட்டுப்போன இடங்களும்தான்.

நம் மூளை பேச்சைக் கேட்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது புரிந்துவிடும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது ஒருவர் நிறுத்துவதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று ஜப்பானியம் உட்பட 10 மொழிகளில் அளந்து, 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. எல்லா மொழிகளையும் சேர்த்துப் பார்த்தால் அதன் சராசரி ஏறக்குறைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு சொல்லை மனதில் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவருவதற்கே நமக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. அப்படியென்றால் எதிராளி பேசி முடிக்கும் முன்பே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். கேட்பது என்பது சும்மா வாங்கிக்கொள்ளும் வேலை இல்லை. அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று மூளை எந்நேரமும் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊகம் சரியாகிவிட்டால் கவனத்துக்கு அதிகம் வேலை இருக்காது. தவறினால், என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கும்.

"எம்புட்டு?" என்ற கேள்விக்கு மறுமுனையில் வந்த பதில் நமக்குக் கிடைப்பதில்லை. அடுத்து வருவது "அய்யய்யோ". இருபதாயிரமா, இரண்டு லட்சமா என்று மூளை தேடுகிறது. தேடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் வந்துவிடுகிறார். பேச்சு எப்போது நிற்கும், எப்போது தொடங்கும் என்பதையும் ஊகிக்க முடியாது. அடுத்தவர் சங்கதியில் நமக்கு இருக்கும் ஆசையால் காது கொடுக்கிறோம் என்று நினைப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம். எனக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை காதுக்குக் கிடையாது. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை.

டிரைவர் போடும் பாட்டு ஏன் அந்த அளவுக்குத் தொந்தரவு செய்வதில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. அந்தப் பாட்டு நமக்கு மனப்பாடம். முதல் சரணம் முடிந்ததும் எந்த இசை வரும் என்று மூளைக்குத் தெரியும். ஊகிக்க வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை. ஆனால் பக்கத்து சீட்டுத் தம்பி செல்போனில் தள்ளிக்கொண்டே போகும் குட்டிக் காணொளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டின் நடுவரி, பாதியில் வெட்டு, ஒரு சிரிப்பு, யாரோ சமையல் சொல்கிறார், அதுவும் பாதியில் வெட்டு, ஒரு மேடைப் பேச்சு, மறுபடி அதே சிரிப்பு. பார்க்கிறவருக்கு அடுத்தது எப்போது மாறும் என்று தெரியும். தள்ளுவது அவர் விரல். பக்கத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு மாற்றமும் புதிதாக வந்து இடிக்கிறது. நம் காலத்துப் பேருந்துப் பயணத்தில் மிக மோசமான ஒலி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஊகத்தை முறிப்பதற்கென்றே தயாரித்ததுபோல் இருக்கிறது அது.

இது கேட்கிறவரின் பக்கம். பேசுகிறவரின் பக்கத்தில் நடப்பதைப் பலரும் அறிந்ததில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுதான்.

நாம் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்பே நம் நடுக்காதில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு தசை சுருங்கி, உள்ளே போகும் ஒலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. மூளையும் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. பேசும்படி தொண்டைக்கும் நாக்குக்கும் கட்டளை அனுப்பும்போதே, இப்படி ஓர் ஒலி வரப்போகிறது, அது என்னுடையதுதான் என்று கேட்கும் பகுதிக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுகிறது. வந்த ஒலி எதிர்பார்த்ததோடு ஒத்துப்போனால் அதற்குக் கிடைக்கும் கவனம் குறைந்துவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுவே காரணம் என்பதை லண்டனில் சாரா ஜெயின் பிளேக்மோர் குழுவினர் 1998-இல் மூளைப் படங்கள் எடுத்துக் காட்டினார்கள்.

இதன் சமூக விளைவை 2003-இல் சுக்விந்தர் ஷெர்கில் என்ற மருத்துவரின் குழு மிக எளிய ஒரு சோதனையில் பிடித்தது. இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, கருவி ஒன்றின் வழியாக ஒருவர் விரலை மற்றவர் அழுத்த வேண்டும் என்றார்கள். அவர் உங்களை எவ்வளவு அழுத்தினாரோ அதே அளவுதான் நீங்களும் அழுத்த வேண்டும் என்பது இருவருக்கும் சொன்ன விதி. இருவரும் நேர்மையாகத்தான் முயன்றார்கள். ஆனால் முறை மாற மாற அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. தான் கொடுத்த அழுத்தம் ஒவ்வொருவருக்கும் உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகத் தெரிந்ததுதான் காரணம்.

போனில் உரக்கப் பேசும் அந்த அம்மாவிடம், "இப்படிச் சத்தம் போடுகிறீர்களே" என்று யாராவது கேட்டால், "நான் எங்கப்பா சத்தம் போட்டேன்?" என்பார். அது பொய் இல்லை, சமாளிப்பும் இல்லை. அவர் காதுக்கு அவர் குரல் அந்த அளவுக்குத்தான் கேட்டது.

இதோடு பேருந்தும் சேர்ந்துகொள்கிறது. எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911-இல் எழுதியது இது. பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் காதில் இரைச்சலைச் செலுத்தினால், அவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறார். இரைச்சலை நிறுத்தினால் குரல் தானாக இறங்குகிறது. காது கேட்கவில்லை என்று பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்கக்கூட இந்த முறை பயன்பட்டது. உண்மையில் கேட்காதவருக்கு இரைச்சல் ஏறினாலும் குரல் ஏறாது அல்லவா? பழனி சாலையில் மூன்றாம் கியரில் ஏறும் பேருந்துக்குள் போன் பேசுகிற எல்லோரும் லொம்பாரின் சோதனைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் குரல் உயர்ந்தால் பக்கத்தில் பேசுகிறவருக்கு அதுவே இரைச்சல். அவரும் உயர்த்துவார். பக்கத்து சீட்டில் ரீல்ஸ் பார்க்கும் தம்பி வால்யூம் பட்டனை இரண்டு தடவை அமுக்குவார்.

பழைய வயர் போன்களில் நாம் பேசுவது ரிசீவரிலேயே மெல்லத் திரும்பி நம் காதுக்கும் வரும். குரல் போய்ச் சேர்கிறது என்ற உறுதி அதில் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசும்போது அந்த உறுதி இல்லை. மறுமுனையில் இருப்பவர் "ஹலோ, கேக்கலை" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு இறங்குவதே கிடையாது.

பேருந்தில் எல்லாமே எரிச்சல் தரும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-இல் எழுதிய நூலில், ஒருவரைச் சுற்றி ஏறக்குறைய 45 சென்டிமீட்டருக்குள் மிக நெருங்கியவர்களைத்தான் மனிதர்கள் அனுமதிப்பார்கள் என்றார். ஹால் ஆராய்ந்தது பெரும்பாலும் அமெரிக்க நடுத்தர வகுப்பினரை. முகூர்த்த நாளில் ஒட்டன்சத்திரம் பேருந்தில் ஏறிப் பார்த்தால் 45 சென்டிமீட்டருக்குள் ஆறு பேர் நிற்பார்கள். நிற்கிற பெண், உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண்ணிடம், "அக்கா, இதைக் கொஞ்சம் வச்சுக்கிறீங்களா?" என்று காய்கறிப் பையை நீட்டுவார். சில சமயம் குழந்தையையே மடியில் உட்காரவைத்துவிடுவார். வாங்கிக்கொள்கிறவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மடியில் கனக்கும் மூன்று கிலோ பை தராத எரிச்சலை எடையே இல்லாத ஒலி தருகிறது. பையை அவர் கேட்டுவிட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் முடிந்திருக்கும்.

அந்த "முடிந்திருக்கும்" எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அமெரிக்க உளவியலாளர்களான டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் அளந்து, 1972-இல் நூலாக எழுதினார்கள். 108 டெசிபெல் அளவுக்கு மிகக் கடுமையான இரைச்சலை விட்டுவிட்டு ஒலிக்கவைத்து, அதற்கு நடுவில் சிலரை வேலை செய்ய வைத்தார்கள். சத்தத்தின் நடுவில் எல்லோரும் ஓரளவு பழகிக்கொண்டார்கள். உண்மையான வித்தியாசம் சத்தம் நின்ற பிறகு தெரிந்தது. எப்போது வரும் என்று தெரியாத இரைச்சலைக் கேட்டவர்கள், பிறகு அமைதியான அறையிலும் கடினமான புதிர்களைச் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழை திருத்தும்போது அதிகப் பிழைகளைத் தவறவிட்டார்கள். சீரான இடைவெளியில் வந்த இரைச்சலைக் கேட்டவர்களுக்குப் பாதிப்பு குறைவு. இன்னொரு குழுவிடம் ஒரு பட்டனைக் காட்டி, பொறுக்க முடியாவிட்டால் இதை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்றார்கள். அதை ஏறக்குறைய யாருமே அழுத்தவில்லை. இருந்தும் பட்டன் இருக்கிறது என்ற நினைப்பே அவர்களைக் காப்பாற்றியது. இரைச்சலின் பின்விளைவு அவர்களிடம் பெருமளவு குறைந்திருந்தது.

நம் கிராமங்களின் ரேடியோ செட்டையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். கோயில் கொடைக்கு வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே பாடத் தொடங்கும். வரி கொடுத்து அதை வரவழைத்ததே ஊர்தான். எந்த நாளில் கட்டுவார்கள், எப்போது அவிழ்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் இருந்து பிள்ளைகள் வந்து சேரும் நாட்களின் ஒலி அது. அதனால் பொறுத்துக்கொண்டோம், பலர் ரசித்தும் இருக்கிறோம். ஆனால் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் பட்டன் இல்லை. அவர்களுக்காகத்தான் சட்டம் வந்தது. ஒலி மாசு விதிகள் 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன. அதே ஆண்டு, சென்னை கே.கே.ஆர். நகரில் ஒரு வழிபாட்டு இடத்தின் ஒலிபெருக்கி பற்றிக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்றவர்களின் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் கூறியது. எல்லா மதத்தாருக்கும், எல்லா ஊர் ரேடியோ செட்டுக்கும் அது பொருந்தும்.

ஒலி யாரிடமிருந்து வருகிறது என்பதும் எரிச்சலைக் கூட்டிக் குறைக்கிறது. பக்கத்தில் ஒருவர் மெல்லும் சத்தம், உறிஞ்சும் சத்தம், மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டால் சிலருக்கு உடம்பே பதறிவிடும். ஒலி வெறுப்பு என்று சொல்லத்தக்க இந்த நிலையை, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து உலகப் புகழ் பெற்ற நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள். அந்த ஒலிகளைக் கேட்கும்போது இவர்களின் தோலில் வியர்வை சார்ந்த மின் மாற்றம் உண்மையாகவே கூடுகிறது, இது பிடிவாதம் இல்லை என்று காட்டினார்கள். அவர்களிடம் பேசியபோது தெரிந்த இன்னொரு செய்தி என்னை யோசிக்க வைத்தது. பலருக்குக் குழந்தையோ விலங்கோ அதே மாதிரி ஒலி எழுப்பினால் அவ்வளவாகத் தொந்தரவு இல்லையாம். குழந்தைக்குத் தெரியாது, பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் போடும் கணக்கு காது வரைக்கும் இறங்கி வருகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் சிக்கல் எங்கே நிற்கிறது என்பது தெரிகிறது. தன் சத்தம் பேசுகிறவருக்குக் கேட்பதில்லை. அது அவருக்குத் தெரியும், தெரிந்தே செய்கிறார் என்று கேட்கிறவர் நினைக்கிறார். யாராவது சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் நாம் சொல்வதில்லை. திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

நாம் ஏன் சொல்வதில்லை? ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் நியூயார்க் நகரில் ரயில் டிக்கெட் கவுன்ட்டர் போன்ற இடங்களில் 129 வரிசைகளில் தன் ஆட்களை நடுவில் நுழையவிட்டுப் பார்த்தார். 1986-இல் வந்த முடிவின்படி, ஒருவர் நுழைந்தபோது ஏறக்குறைய பாதி வரிசைகளில்தான் எதிர்ப்பு வந்தது. இருவர் சேர்ந்து நுழைந்தபோது பத்தில் ஒன்பதில் வந்தது. எதிர்த்தவர்கள் பெரும்பாலும் நுழைந்தவருக்கு நேர் பின்னால் நின்றவர்கள். அந்த இடத்தில் மில்கிராம் தன் ஆளையே நிறுத்தி, எதுவும் பேசாமல் இருக்கச் சொன்னபோது எதிர்ப்பு பெருமளவு விழுந்துவிட்டது. பக்கத்தில் நிற்பவரே பேசவில்லை, நமக்கென்ன என்று பின்னால் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். நம் ஊர் ரேஷன் கடை வரிசையும் இப்படித்தான். பேருந்திலும் எல்லோரும் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்க்கிறார்கள். அவர் ஏதோ யோசனையில் இருக்கிறார். பேருந்து முழுக்க எரிச்சல் இருக்கிறது, ஆனால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று போன்காரருக்குத் தோன்றிவிடுகிறது.

ஆனால் இதைவிடப் பிடிவாதமான ஒரு பழக்கத்தை நம் பேருந்துகள் ஒழித்திருக்கின்றன. ஓடும் பேருந்தில் பீடியும் சிகரெட்டும் புகைந்த காலம் ஒன்று இருந்தது. பின் சீட்டில் பற்றவைத்தால் முன் சீட்டுக் கைக்குழந்தை இருமும். கேட்டால் சண்டை வரும். 2001 நவம்பரில் பேருந்து உள்ளிட்ட பொது இடங்களில் புகைப்பதை உச்ச நீதிமன்றம் தடை செய்தது. தமிழ்நாடு 2002-இல் புகைப்பதற்கும் துப்புவதற்கும் எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் விதிகள் இறுக்கப்பட்டன. பேருந்தில் புகைத்தவர்கள் எல்லோருமே அபராதம் கட்டித் திருந்தியவர்கள் இல்லை. ஒரு பலகை இருந்தது, அதைக் காட்டி, "அண்ணே, கீழ இறங்கிப் பிடிச்சுக்கங்க" என்று யார் வேண்டுமானாலும் சொல்ல முடிந்தது. கிளாஸும் சிங்கரும் கொடுத்த பட்டன்தான் அந்தப் பலகை.

செல்போனுக்கும் அப்படிப் பட்டன்கள் வரத் தொடங்கியுள்ளன. கர்நாடக அரசுப் பேருந்துகளில் போனில் சத்தமாகப் பாட்டு, காணொளி ஓடவிடுவதை 2021 நவம்பரில் தடை செய்தார்கள். ரயில்களில் இரவு 10 மணிக்கு மேல் உரத்த பாட்டும் உரத்த போன் பேச்சும் கூடாது என்று 2022 ஜனவரியில் ரயில்வே அறிவித்தது. நம் பேருந்துகளிலும் "புகை பிடிக்காதீர்" என்று எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுத இடம் இருக்கிறது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே வரும் கண்டக்டர் "தம்பி, ஹெட்செட் போட்டுக்கப்பா" என்று சொல்ல அந்த ஒரு வரி போதும்.

ஆனால் பலகை தீர்க்க முடியாத ஒரு கூட்டம் இந்தப் பேருந்துகளில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் பூட்டுக்கும் பிரியாணிக்கும் மட்டும் பெயர் போனதில்லை. இங்கே நூற்பாலைகள் ஏராளம். ஷிப்ட் முடிந்து வருகிற மில் தொழிலாளிகள் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? பக்கத்தில் இருக்கும் தோழியிடமே கத்தித்தான் பேசுவார்கள். வீட்டிலும் அப்படித்தான், போனிலும் அப்படித்தான். ஸ்பின்னிங் பிரிவில் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும்போது இரைச்சல் 90 டெசிபெலை ஒட்டியோ தாண்டியோ போவது சகஜம். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்தான் நம் நாட்டில் உச்ச வரம்பு. டெசிபெல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. அப்படியென்றால் 55 வரம்புள்ள ஒரு தெருவைவிட அந்தக் கூடத்தில் காதுக்குள் போகும் ஆற்றல் ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடுகிறது.

உள்காதில் நத்தைக்கூடு போன்ற சுருளுக்குள் ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலி அலையை நரம்புச் செய்தியாக மாற்றும் வேலையில் இருப்பவை அவைதான். ஒரு ஷிப்ட் முழுக்க இரைச்சலில் இருந்துவிட்டு வெளியே வந்தால் அவை களைத்துப்போய், சில மணி நேரத்துக்குக் காது மந்தமாக இருக்கும். உள்ளே ஒரு ரீங்காரம் கேட்கும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். பல ஆண்டுகள் தினமும் இது நடந்தால் செல்கள் செத்துவிடுகின்றன. மனிதக் காதில் செத்த மயிர்ச்செல் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகளின் முழக்கம் கேட்கும். ச, த, க போன்றவற்றின் கூர்மை கேட்காது. எதிராளி பேசுவது காதில் விழும், ஆனால் புரியாது. "என்ன, என்ன?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, ஒருநாள் போனை ஸ்பீக்கரில் போடப் பழகிக்கொள்கிறார்கள். தன் குரலும் சரியாகக் கேட்காததால் உரக்கப் பேசுகிறார்கள். வயதாகும்போது வரும் செவிட்டுத்தன்மையும் இதே வழியில்தான் நடக்கிறது. பேருந்தில் உரக்கப் பேசும் பெரியவர்களில் எத்தனையோ பேருக்கு அது பழக்கக் கோளாறு இல்லை, காதுக் கோளாறு. அவர்களைப் பார்த்து முகம் சுளிப்பதில் அர்த்தமே இல்லை.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய பிறகு, இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கண் பரிசோதனை முகாம் என்றால் என்னவென்று தெரியாதவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, எழுத்து அட்டை மாட்டி, மாலைக்குள் ஊர்க் கண்களையெல்லாம் பார்த்துவிடுகிறார்கள். காதுக்கு அந்த அளவில் எதுவும் நடப்பதில்லை. மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் மருந்து கேட்கிறவர்கள், காது கேட்கவில்லை என்று தாமாக வந்து சொல்வதில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். டிவி சத்தம் கூடிக்கொண்டே போகும், போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும், எதிர்க் குரல் பெண் குரலாகவோ குழந்தைக் குரலாகவோ இருந்தால் புரியாது. இவை இருந்தால் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒலி அளவீட்டுப் பரிசோதனை எடுக்க வேண்டும். வலி இல்லை, ஊசி இல்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும். தகுதி உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை காதொலிக் கருவியை இலவசமாகவே தருகிறது.

மில்லில் வேலைக்குச் சேரும் நாளிலேயே அந்தப் பரிசோதனையை எடுத்து வைத்துக்கொண்டு, வருடம் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தால், 4,000 ஹெர்ட்ஸில் முதல் சரிவு விழும்போதே பிடித்துவிடலாம். அந்த நேரத்தில் காதில் வைக்கும் நுரை உருளை ஒன்றே மீதியைக் காப்பாற்றிவிடும். அதன் விலை ஒரு டீயின் விலையை ஒட்டித்தான் இருக்கும்.